எத்தனையாவது சொட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். மலை உச்சிக் குளிர் உன்னை என்ன பாடு படுத்துகிறது என்று எழுது. போன் எடுக்காத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாமான் வண்டி ஏறினால்தான் உனக்குத் தபாலாம். போகட்டும், கடிதம் எழுதிப் பல வருஷமாயிற்று, கை பழகும்.

நீ ஒப்படைத்துவிட்டுப் போன தொட்டி ஹாலில் ஜம்மென்று இருக்கிறது. கோமாளி மீன் இரண்டும் என் விரலைக் கண்டால் ஓடிவருகின்றன. நத்தை கண்ணாடியைத் துடைக்கிறது. பச்சைப் பவளம் விளக்குப் போட்டதும் விரல் விரலாக விரிகிறது. கட்டைவிரல் அளவில் நீ வாங்கிவந்தது இப்போது என் முஷ்டி அளவு.

நீ சுவரில் ஒட்டிய தாளின்படிதான் எல்லாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெள்ளைப் பொடி ஒரு கரண்டி. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி புது உப்புத்தண்ணீர். பிறகு காரச்சத்துக்குச் சொட்டுச் சோதனை. குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினேன். முதலில் பச்சை, அப்புறம் எட்டாவது சொட்டில் சிவப்பாகத் திரும்பிவிட்டது. எட்டுதானே நீ சொன்ன கணக்கு? மின்பெட்டிக்குள் சிவப்புக் கம்பியையும் பச்சைக் கம்பியையும் இருபத்திரண்டு வருஷமாகப் பிரித்து மாட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா?

தையல் மெஷினுக்கு இடமில்லை, தொட்டிக்கு மட்டும் ராஜ உபசாரமா என்று உன் அண்ணி முணுமுணுக்கிறாள். எனக்குக் கொஞ்சம் இருமல். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். சாதாரணச் சளிதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம், மூக்குதான் எனக்குச் சொந்தமில்லாததுபோல் மரத்துக் கிடக்கிறது. உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

எட்டு என்பது சரிதான். பவளம் தன் எலும்பைக் கட்டுவது அந்தச் சத்தை வைத்துத்தான்; வெள்ளைப் பொடியும் புது உப்புத்தண்ணீரும் அதைத்தான் கொடுக்கின்றன. குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு. தயவுசெய்து ஞாயிறு தவறாமல் நீங்களே அளந்து எனக்கு எழுதுங்கள். வேறு யார் கையும் தொட்டிக்குள் போகவேண்டாம். ஜன்னல் துடைக்க வருகிறவர் தெளிக்கிற மருந்து தொட்டிமேல் படுகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள்.

இங்கே எனக்குக் காற்றையும் மழையையும் அளக்கும் கருவிகளோடு வேலை. கருவி பொய் சொல்லாது அண்ணா, பதிவேட்டில் எழுதுகிற ஆள்தான் சொல்வான். போன வாரம் என்னோடு தங்கியிருப்பவன் மழைமானியை எட்டிக்கூடப் பார்க்காமல் நாலு நாள் கணக்கை எழுதிவைத்ததைப் பிடித்தேன். அதிலிருந்து அவன் உப்பு போட்டேன் என்றால்கூட ருசி பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு யாவரும் நலம். உன் மூக்கு உன்னிடம் திரும்பிவிட்டதா?

எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். தொட்டி விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் காரச்சத்து ஒன்பது வந்தது. போன ஞாயிறு பதினொன்று. சந்தேகப்பட்டு மறுபடி அளந்தேன், மறுபடியும் பதினொன்றுதான். பவளம் காலையில் விரிய நேரமாகிறது, முன்புபோல் ஊதிக்கொண்டு நிற்பதில்லை. மற்றபடி வெப்பம் இருபத்தாறு, உப்பு மீட்டரிலும் குறையில்லை.

உன் அண்ணி நேற்று ஒரு ஆட்டம் ஆடினாள். தக்காளி வாங்கிவரச் சொன்னாள், வாங்கிவந்தேன். பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "ஊர்ல இருக்கிற பழுக்காத காயெல்லாம் பொறுக்கிட்டு வந்திருக்கீங்களே, கடைக்காரன் உங்களுக்காகவே ஒதுக்கி வச்சிருந்தானா?" என்றாள். அவசரத்தில் பார்க்காமல் போட்டிருப்பேன். இனிமேல் கடைக்கு நானே போய்க்கொள்கிறேன் என்று பையைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டாள். எனக்கும் ஒரு வேலை மிச்சம்.

சாப்பாட்டில் அசட்டையாக இராதே.
உன் அண்ணன்

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் இருமலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

பதினொன்று என்பது எனக்குப் பிடிக்கவில்லை. எதையும் மாற்றாமல் ஒரு எண் தானாக ஏறாது. நாம் தொட்டிக்கு உப்பு வாங்குகிற வண்ணமீன் கடை மீசைக்காரர், நம் மீசை, புது உப்பு மூட்டை உடைத்திருக்கிறாரா? அவர் நல்லவர்தான், ஆனாலும் வியாபாரி. மலிவாக ஒன்றை வாங்கிப் பழைய பெயரில் விற்றிருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? மறு கடிதம் வரும்வரை புது உப்புத்தண்ணீர் மாற்றவேண்டாம். வெள்ளைப் பொடியையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். இரண்டே வாரத்தில் எண் இறங்கவேண்டும். இறங்கினால் உப்புதான் குற்றவாளி.

தக்காளி விஷயத்தில் நான் அண்ணி பக்கம்.

அன்புடன்,
தம்பி

மே 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ கேட்டதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

பொடியைப் பாதியாக்கினேன். புதுத் தண்ணீர் மாற்றவில்லை. எண் இறங்கவில்லை, பதின்மூன்று. பவளத்தின் அடியில் சதை விலகி ஒரு நகக்கண் உயரத்துக்கு வெள்ளை எலும்பு தெரிகிறது. நத்தை செத்துப்போயிற்று. மீசையிடம் போய் மூட்டையைக் காட்டச் சொன்னேன். பழைய மூட்டைதான் என்று சத்தியம் செய்தார். வேலிக்கு ஓணான் சாட்சி என்று திரும்பிவந்தேன்.

வேலையில் நானே ஒரு புது முறை கண்டுபிடித்திருக்கிறேன். கம்பியை நிறம் பார்த்து மாட்டுவதை விட்டுவிட்டு இரண்டு முனையிலும் நம்பர் எழுதி ஒட்டிவிடுகிறேன். நம்பருக்கு நம்பர் சேர்த்தால் ஆயிற்று. மேற்பார்வையாளர்கூட நல்ல யோசனை என்றார். வயதானாலும் மூளை வேலை செய்கிறது பார்.

உன் அண்ணி தொட்டியைப் பார்த்து, "இது பிழைக்கிற மாதிரி தெரியல, தம்பி வர்றதுக்குள்ள நாமே தூக்கிப் போட்டுடலாம்" என்றாள். பேசாமல் இரு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

குளிரில் வெளியே அலையாதே.
உன் அண்ணன்

மே 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன். இருமல் நின்றதா இல்லையா? இந்தக் கடிதத்தை அண்ணியிடம் காட்டவேண்டாம்.

பத்து நாளாக யோசித்துப் பார்த்தேன். பொடி பாதி, புது உப்பு இல்லை, ஆனாலும் எண் ஏறுகிறது. அப்படியென்றால் வேறு ஏதோ ஒரு கையிலிருந்து காரம் தொட்டிக்குள் போகிறது. வீட்டில் அப்படிப்பட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான், சமையல் சோடா. அது யார் அலமாரியில் இருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அண்ணியைத் தப்பாகச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. எனக்கு மூன்று வருஷம் சோறு போட்ட கை. ஆனால் தொட்டி வந்த நாளிலிருந்து அந்த இடத்தில் தையல் மெஷினை வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பவரும் அவர்தான், தூக்கிப் போட்டுவிடலாம் என்றவரும் அவர்தான். வேண்டுமென்று செய்யாமல் தொட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று போட்டுமிருக்கலாம்.

சோடா டப்பாவுக்குள் பொடி எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தொட்டி மூடிமேல் ஒரு தலைமுடியைக் குறுக்கே ஒட்டிவையுங்கள், திறந்தால் அறுந்துபோகும். வெள்ளைப் பொடியை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

தம்பி

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்.

நீ சொன்னபடி கோடு போட்டேன். சோடா இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. முடியும் ஒருநாள் அறுந்து கிடந்தது. நான் அவளை எதுவும் கேட்கவில்லை. நீ நினைப்பது சரியாகவும் இருக்கலாம். கேட்டு வீட்டில் சண்டை எதற்கு?

வெள்ளைப் பொடியை நிறுத்தியும் பதினைந்து. எலும்பு பாதிவரை தெரிகிறது. என் கவனிப்பில் குறை சொல்லாதே. நேற்றுக்கூட ஹீட்டரை வெளியே எடுத்துப் பார்த்தேன், வாங்கின அன்று இருந்ததுபோல் பளபளவென்று இருக்கிறது, ஒரு பொட்டுப் படிவு கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், வெளிச்சம் போதவில்லை.
அண்ணன்

ஜூலை 5

அண்ணா,

நலம். அங்கும் நலந்தானே?

உங்கள் கடிதத்தில் ஹீட்டர் வரியை இருபது தடவை படித்தேன். காரச்சத்து பதினைந்து இருக்கிற தொட்டியில் சூடான ஹீட்டர்மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கவேண்டும். பளபளவென்று இருக்கிறதென்றால் தண்ணீரில் பதினைந்து இல்லை. அடியிலிருந்து சதை விலகுவதும் சத்து இல்லாத பவளத்தின் லட்சணம்.

எண்தான் பொய். கருவி பொய் சொல்லாது என்று நான் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். மன்னியுங்கள், வேறு வழி தெரியாமல் கேட்கிறேன். நீங்கள் உண்மையிலேயே சொட்டு விட்டு எண்ணினீர்களா? இல்லை, வேலைக் களைப்பில் ஏதோ ஒன்றை எழுதினீர்களா? சோடா விஷயத்திலும் நீங்கள் இப்படி மென்று விழுங்கியது எனக்கு உறுத்துகிறது. மற்ற நாளில் அண்ணியை ஒரு வார்த்தை சொன்னால் என் காதைத் திருகுகிறவர் நீங்கள்.

இதே தபாலில் மீசைக்கும் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து உங்கள் முன்னாலேயே அளக்கச் சொல்லியிருக்கிறேன்.

தம்பி

ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு உங்கள் அண்ணி எழுதுவது,

நான் நலம். உங்கள் அண்ணன் நலமில்லை. அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீசை உங்கள் சீட்டோடு வந்தார். உங்கள் அண்ணன் திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல் முழித்தார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மீசை குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சொட்டு விட்டார். மூன்று சொட்டுவரை பச்சை. நாலாவது சொட்டு விட்டுக் குலுக்கினதும், "திரும்பிடுச்சு" என்று குப்பியைக் கீழே வைத்தார்.

"எங்க திரும்புச்சு? பச்சையாத்தானே இருக்கு, இன்னும் விடுங்க" என்றார் உங்கள் அண்ணன்.

மீசை என்னைப் பார்த்தார். குப்பி செக்கச்செவேலென்று இருந்தது. நான் தையல் பெட்டியிலிருந்து சிவப்பும் பச்சையுமாக இரண்டு நூல்கண்டை எடுத்துவந்து நீட்டினேன். இதில் எது சிவப்பு என்று கேட்டேன். அவர் இரண்டையும் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானடி" என்றார்.

நூல்கண்டைத் திரும்ப வாங்கினேன். எவ்வளவு நாளாக என்றேன். மார்ச் கடைசியிலிருந்தாம்.

உங்களுக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அது சாதாரணச் சளி இல்லை, காசநோய். ஜனவரியில் தெரிந்தது. தெரிந்தால் நீங்கள் வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்துவிடுவீர்கள் என்று மறைக்கச் சொன்னார், நானும் மறைத்தேன். இருமல் இப்போது இல்லை, நோய் அடங்கிவருகிறது. ஆனால் அந்த மாத்திரைகளில் ஒன்று கண்ணைப் பிடிக்கும், நிறம் மாறித் தெரிந்தால் உடனே ஓடிவரவேண்டும் என்று டாக்டர் முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மின்பெட்டிப் பக்கம் விடமாட்டார்கள் என்று பயம். மறுநாள் ஒரு புதுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கவேண்டிய முறை அவருடையது தம்பி. நான் போய் மேற்பார்வையாளரிடம் உள்ளதைச் சொல்லி நிறுத்தினேன். பிறகு கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்த மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். கண் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், முழுவதும் திரும்புமா என்று இப்போது சொல்லமுடியாது என்கிறார்கள். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் கண் திரும்பும் என்ற பேச்சே இல்லையாம்.

நானும் உத்தமி இல்லை. மூன்று மாதமாக அவர் ஞாபகம் வேறெங்கோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டுச் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். தக்காளியை விட்டுவிட்டுப் பையைத் துழாவின புத்திசாலி நான்.

மருந்துச்சீட்டைத் தேடி அவர் டூல் பையைக் கவிழ்த்தபோது உங்கள் மே மாதக் கடிதமும் விழுந்தது. சோடாவில் நான் உங்கள் அண்ணனின் டீக்கறைக் கோப்பையைத் தேய்க்கிறேன். டப்பாவில் பென்சில் கோட்டைப் பார்த்தபோது ஒன்றும் புரியாமல் அதையும் சேர்த்துத் துடைத்துவைத்தேன். தொட்டி மூடிமேல் தலைமுடி ஒட்டச் சொன்னீர்களாமே, நான் தூசி துடைத்தபோது அறுந்திருக்கும், யார் தலைமுடி? உங்கள் அண்ணனுக்கு மிச்சம் இருப்பதே நாலு.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அவர்மேல் உள்ளது அதைவிடப் பெரிது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று என்னைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாரே. நாலு நாளாக அவரோடு நான் பேசவில்லை.

பவளத்தில் கால்வாசி சதை இருக்கிறது. மீசை தினமும் வந்து பொடி போடுகிறார்.

உடம்பு பத்திரம்.
அண்ணி

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. அண்ணனுக்கு எப்படி இருக்கிறது? இந்தக் கேள்விக்கு மட்டும் முதல் வரியிலேயே பதில் எழுதுங்கள்.

உங்களைச் சந்தேகப்பட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். காய்ச்சலில் கிடந்தபோது என் வாந்தியை அள்ளிய கையைச் சந்தேகப்பட்டேன். நேரில் வந்து நிற்கும்போது என்ன திட்டவேண்டுமோ திட்டுங்கள்.

பவளத்தைச் சாகும் நிலைக்குக் கொண்டுவந்ததும் நான்தான். ஏறாத எண்ணை ஏறியதென்று நம்பிப் பொடியைப் பாதியாக்கினேன், புதுத் தண்ணீரை நிறுத்தினேன், கடைசியில் பொடியையும் நிறுத்தினேன். அது பட்டினி கிடந்தது, நான் இன்னும் குறை, இன்னும் குறை என்று மருந்து எழுதினேன்.

அண்ணனின் கடிதங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தக்காளி, கம்பியில் நம்பர், கோணல் கையெழுத்து, எல்லாம் என் கையிலேயே இருந்திருக்கிறது. மூன்று தடவை இருமல் எப்படி என்று கேட்டேன். மூன்று தடவையும் பதில் வரவில்லை. தண்ணீரின் எண் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்தேன் அண்ணி.

மீசையிடம் சொல்லுங்கள், பொடியை ஒரேயடியாக ஏற்றவேண்டாம். வாரத்துக்கு அரைச் சொட்டு ஏறினால் போதும். மாதக்கணக்கில் இறங்கியது நாள்கணக்கில் ஏறாது. அண்ணனிடமும் நான் இதையே சொன்னதாகச் சொல்லுங்கள்.

தம்பி

செப்டம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

முதல் வரியில் பதில்: இருமல் இல்லை, எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது, கண் பாதி. இனி உன்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை.

உன் அண்ணியிடம் நீ மன்னிப்புக் கேட்டுவிட்டாய். நான் கேட்க ஒரு மாதமாயிற்று. நீ சோடா என்று எழுதிய அன்று எனக்குத் தெரியும், அவள் இல்லையென்று. குப்பியில் எனக்கு நிறமே தெரியவில்லை என்றும் தெரியும். அவள் தலையில் விழுந்தால் என் கண் தப்பும் என்று நினைத்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

மின்பெட்டிப் பக்கம் விடுவதில்லை, சாமான் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் மாதம் ஒருமுறை நிறம் தெரிகிறதா என்று பார்க்கப் புள்ளிப் புள்ளியாய் ஒரு புத்தகத்தைக் காட்டி, அதில் ஒளிந்திருக்கிற நம்பரைக் கேட்கிறார். உன் அண்ணிக்கு அது போதவில்லை. "உங்க வாய்ச்சொல் இனிமே செல்லாது" என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சொட்டு விடுவது நான். அவள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த எண்ணைத் தாளில் எழுதி மடித்துத் தொட்டிமேல் வைப்பாள், முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். நான் என் எண்ணைச் சொன்ன பிறகுதான் பிரிப்பாள். ஆகஸ்ட் கடைசியில் நான் பதினொன்று என்றேன், தாளில் ஐந்து. அடுத்த வாரம் ஒன்பது என்றேன், தாளில் ஆறு. பொய் சொல்லிப் பழகின வாய்க்கு உண்மையைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

பவளத்தின் ஒரு ஓரத்தில் மிளகளவில் இரண்டு புதுமொட்டு வந்திருக்கிறது. மீசை காட்டினார். எனக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது, பச்சை என்கிறார்கள்.

இன்று காலை மறுபடி சொட்டு விட்டேன். குப்பியில் ஏதோ மங்கலாகப் புரண்டதுபோல் இருந்தது. ஆளை ஏமாற்றாதே என்று என் கண்ணிடமே சொல்லிக்கொண்டு இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஏழு என்றேன். அவள் தாளைப் பிரித்தாள். ஆறரை என்று எழுதி, அரையை அடித்து, ஆறு என்று வைத்திருந்தாள்.

தாளைக் கீழே வைத்தாள். போய் ஆணியில் தொங்கிய பையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். "தக்காளி ஒரு கிலோ. கடைக்காரர்கிட்ட கேக்காம நீங்களே பொறுக்கணும்" என்றாள்.

ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன் தம்பி. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பையை மேஜையில் கொட்டிப் பரப்பி, ஒன்றுவிடாமல் திருப்பிப் பார்த்தாள். பதினான்கில் மூன்றுதான் காய். அந்த மூன்றையும் ஜன்னல் ஓரத்தில் பழுக்க வைத்துவிட்டு, மற்றதை நறுக்க எடுத்துக்கொண்டு போனாள்.

நீ வரும்போது, என் கடிதங்களைப் படித்த உன் கண்ணையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிக்கொள்.

உன் அண்ணன்